வெளிச்சுவர்

அப்பா வரைந்த இரண்டு வரைபடங்கள் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் ஒரே குளியலறைக்கானவை. முதலாவது 2018 ஏப்ரலில் வரைந்தது. பள்ளிப்பிள்ளைகள் கணக்கு எழுதும் கட்டம் போட்ட நோட்டுத் தாளில், ஒரு கட்டம் அரை அடி என்று வைத்துக்கொண்டு பென்சிலால் போட்டிருக்கிறார். இரண்டாவது அடுத்த ஆண்டு மார்ச்சில். இரண்டுக்கும் நடுவில் கனடாவில், வினிபெக் நகரத்தில், அக்கா வீட்டுச் சுவருக்குள் ஒரு குழாய் வெடித்தது. அதற்கு நான்தான் காரணம் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்குத் தைப்பிங்கில் 40 வருடம் பைப்பு வேலை. தீபகற்ப மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் ஊர் அது. மேலிருந்தும் தண்ணீர், கீழிருந்தும் தண்ணீர் என்று வாழ்ந்தவர். அவருக்குத் தெரிந்த எதிரிகள் மூன்று: துரு, கசிவு, அடைப்பு. இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒரு வீட்டைப் பார்ப்பார். பைப்பு வெளிச்சுவரில் ஓட வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும், கசிந்தால் வெளியே கசிய வேண்டும். "பைப்ப சுவத்துக்குள்ள பொதைக்கிறவன் நாளைக்கு சுவத்த ஒடைக்கப் போறவன்" என்பார். குளியலறை வீட்டின் பின்பக்கத்தில், காற்று வரும் சன்னலோடு இருக்க வேண்டும். வீட்டுக்கு நடுவில் சன்னல் இல்லாமல் ஒரு குளியலறை என்பது அவர் கணக்கில் அறையே இல்லை, நோய்.

இதில் தொழில் மட்டும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பா பிறந்தது தோட்டத்து லயத்தில். அங்கே கக்கூஸ் லயத்தைவிட்டுத் தள்ளி, எல்லாருக்கும் பொதுவாக இருந்ததாம். தாமான் வீடு வாங்கியபோதுதான் அது வீட்டுக் கூரைக்குக் கீழே வந்தது. அப்போதும் கடைசி அறையாகத்தான். சாமி மேடை முன்னே, கழிப்பறை பின்னே. இரண்டுக்கும் நடுவில் எத்தனை சுவர் வைக்க முடியுமோ அத்தனை.

எனக்கு அவர் தொழில் பிடிக்காது. பள்ளியில் ஒருவன் என்னை "கக்கூஸ் அடைப்பு எடுக்கிறவரு மகன்" என்று சொன்ன நாளிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளில் பள்ளி வாசல் வரைக்கும் போனதில்லை. மூலையிலேயே இறங்கிவிடுவேன். படித்து, கோலாலம்பூருக்கு வந்து, மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்தேன். இயந்திரக் கையேடு, மருந்துத் தாள், ஒப்பந்தம் என்று எது கொடுத்தாலும் தமிழில் தருவேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அம்மா 2017இல் இறந்தார். அப்பா தைப்பிங்கில் தனியாக இருந்தார். வினிபெக்கில் தாதியாக வேலை செய்யும் அக்கா, அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அவள் வீடு 1950களில் கட்டிய மரச்சட்ட வீடு. கீழே கூடம், அடுப்படி, பின்னறை. மேலே சரிந்த கூரைக்குக் கீழே படுக்கையறைகள். தரைக்கு அடியில் ஒரு நிலவறை. இருந்த ஒரே குளியலறை மேலே. அப்பாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது. கீழே ஒன்று கட்ட வேண்டும்.

இடம் இரண்டு இருந்தது. ஒன்று, பின்னறையின் வடக்கு ஓரம், வெளிச்சுவரை ஒட்டி. மற்றொன்று வீட்டின் நடுவில், அடுப்படிச் சுவரை ஒட்டி. அந்த அடுப்படிச் சுவரின் மறுபக்கத்தில்தான் அக்கா சாமித் தட்டை மாட்டியிருந்தாள். கீழ் வரிசையில் அம்மா படம்.

அப்பா யோசிக்கவே இல்லை. வடக்குச் சுவர். முதல் வரைபடத்தில் அந்தச் சுவரில் ஒரு சன்னல், சன்னலுக்குக் கீழே முகம் கழுவும் தொட்டி, பக்கத்தில் ஷவர், ஒரு கைப்பிடி. அழகான படம். அளவெல்லாம் சரியாக இருக்கும்.

அக்கா அதை உள்ளூர் ஒப்பந்தக்காரரிடம் காட்டினாள். உக்ரேனிய வம்சாவளிப் பெரியவர். அவர் எழுதிய பதில் நீளமான மின்னஞ்சல். அக்கா எனக்கு அனுப்பிவைத்து, "நீயே அப்பாகிட்ட எடுத்துச் சொல்லுடா. நான் சொன்னா, ஒனக்கு என்னா தெரியும்னு கேப்பாரு" என்றாள்.

அந்த மின்னஞ்சலின் சாரம் இதுதான். இந்த ஊரில் தண்ணீர்க் குழாயை வெளிச்சுவருக்குள் யாரும் விடமாட்டார்கள். உள்சுவரில் விடுவதே முறை. வடக்குச் சுவர்தான் வேண்டும் என்றால், பழைய சுவருக்கு உள்ளே நாலு அங்குலம் தள்ளி இன்னொரு சுவர் எழுப்ப வேண்டும். குளிர்காப்பு முழுவதும் பழைய சுவரில் இருக்கட்டும். குழாய் இரண்டு சுவருக்கும் நடுவில், அறையின் பக்கமாக ஓட வேண்டும். குழாய்க்கும் அறைக்கும் நடுவில் குளிர்காப்பு எதுவும் வைக்கக் கூடாது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் காற்று புகும் ஓட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஏனென்றால் வெறும் குளிரைவிடக் குளிர்காற்று குழாயைச் சீக்கிரம் உறைய வைக்கும்.

அன்று எனக்கு வேறொரு வேலைக்குக் கெடு. ராத்திரி பத்தரைக்கு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னா சொல்றான் வெள்ளக்காரன்?"

"குளுருக்குப் பஞ்சு வைக்கணும்னு சொல்றாருப்பா. உள்ளுக்கு இன்னொரு செவுரு எழுப்புனா நல்லதாம். ரூம்பு நாலு இஞ்சி கொறையும்."

"நாலு இஞ்சியா? கைப்பிடி வச்சா அப்புறம் திரும்ப எடம் பத்தாது. பஞ்சு வேணும்னா வச்சிக்கட்டும். செவுரு வேணாம்."

அவ்வளவுதான். ஒன்றரைப் பக்க எச்சரிக்கையை நான் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன்: பஞ்சு. அக்காவுக்குப் புலனத்தில் எழுதினேன், "அப்பா ஓகே சொல்லிட்டாரு. பஞ்சு மட்டும் போதுமாம்." அப்பா பைப்பு வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர், அவர் போதும் என்றால் போதும் என்று அக்கா நம்பினாள். ஒப்பந்தக்காரர் தன் மறுப்பை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சுவருக்குள் செப்புக் குழாயை ஏற்றிக்கொடுத்தார். செப்டம்பரில் வேலை முடிந்தது. அப்பாவின் விசாவுக்குத் தாள்கள் தயாராகிக்கொண்டிருந்தன.

2019 ஜனவரி கடைசி வாரம். அக்கா குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்காக டொரொண்டோ போனாள். ஐந்து நாள். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு சூடு என்று சூட்டுக் கருவியைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் வினிபெக்கில் மைனஸ் 35க்கும் கீழே போனது.

அந்தக் குளிரில் எதுவும் கசியவில்லை என்பதுதான் விசித்திரம். குழாய் கிழிந்த பிறகும், உள்ளே இருந்த பனிக்கட்டியே அடைப்பாக நின்று தண்ணீரைத் தடுத்து வைத்திருந்திருக்கிறது. குளிர் கொஞ்சம் தணிந்ததும் கட்டி உருகியது, அப்புறம்தான் தண்ணீர். அவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் மழைச் சத்தம் கேட்டதாம். "தைப்பிங்கு மாதிரியே இருந்துச்சுடா" என்றாள் அக்கா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சுவர், தரை, நிலவறைக் கூரை எல்லாம் ஊறிப்போயிருந்தன. பிள்ளைகளின் சாமான்கள் மிதந்தன.

அங்கே பல வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வீட்டைவிட்டுப் போனால், யாரையாவது தினமும் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்துக் குழாயைக் காலி செய்ய வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் உறைந்து வெடித்ததற்குப் பணம் கிடையாது. அக்கா அந்த வரியைப் படித்ததில்லை. செலவு 14,000 கனடிய டாலர். ஏறக்குறைய 43,000 வெள்ளி.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள் அக்கா. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு நான் தைப்பிங் போயிருந்தேன். காணொளி அழைப்பில் அக்கா மகள், "தாத்தா, ஒங்க பாத்ரூம் ஒடஞ்சிருச்சு" என்றாள். அப்பா கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். ராத்திரி சாப்பிட்ட பிறகு, "அந்த வெள்ளக்காரன் அன்னிக்கு எழுதுனத எடு" என்றார்.

எடுத்தேன். இந்த முறை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல, அன்று நானே அதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது தெரிந்தது. முடிந்ததும் அப்பா கேட்டார்.

"இத ஏன் அன்னிக்குப் படிக்கல?"

பதில் சொல்லவில்லை. கெடு இருந்தது என்பது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, பைப்பு விசயம்தானே என்று நினைத்தேன். ஒரு மருந்துத் தாளை அப்படி மொழிபெயர்த்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு அப்பா பின்கட்டுக்குப் போனார். அரை இஞ்சி பி.வி.சி. பைப்பில் இரண்டு துண்டு, ஆளுக்கு ஓர் அடி. ஒன்றில் தண்ணீரை முட்ட நிரப்பி இரண்டு முனையையும் பசை போட்டு மூடினார். மற்றதில் அடிப்பக்கம் மட்டும் மூடி, மேலே திறந்துவிட்டார். ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் இருந்த மீனை எல்லாம் எடுத்துவிட்டு, அடித்தட்டையும் தூக்கிவிட்டு, திறந்த துண்டை நெட்டாக நிறுத்தினார், மூடியதைப் பக்கத்தில் படுக்க வைத்தார். எதுவும் பேசவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் என்னை எழுப்பினார். மூடிய துண்டு நீளவாக்கில் கிழிந்திருந்தது. திறந்த துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பனிக்கட்டி மட்டும் வாயைத் தாண்டி மேலே ஏறி நின்றது. டேப் வைத்து அளந்தார். கிட்டத்தட்ட ஓர் அங்குலம். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும் என்று இணையத்தில் பார்த்துச் சொன்னேன். 12 அங்குலத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். கணக்கு சரியாக இருந்தது.

"ஐஸு பைப்ப ஒடைக்கல. மேல போவ எடம் இருந்தா அது பாட்டுக்குப் போவுது. ரெண்டு பக்கமும் அடைச்சாத்தான் ஒடையுது."

அந்தச் செப்புக் குழாயிலும் அதுதான் நடந்திருக்கிறது. பனி பிடித்தது கீழே, தரையும் சுவரும் சேரும் இடத்தில். கிழிந்தது மேலே, ஷவர் வால்வுக்குப் பக்கத்தில். பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய வால்வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறியிருக்கிறது. "அப்ப பைப்ப லேசா தொறந்துவிட்டா?" என்று அவரே கேட்டார். 2014இல் வினிபெக்கில் நிலம் ஆழமாக உறைந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. அப்போது நகராட்சி சொன்னதும் அதேதான்: பென்சில் தடிமனுக்குத் தண்ணீரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். இதைச் சொன்னதும் அப்பா தலையை ஆட்டினார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு வேலை இருந்தது. அப்பா புலனத்தில் குரல் பதிவாகக் கேள்விகள் அனுப்புவார். நான் ஆங்கிலத்தில் எழுதி அந்தப் பெரியவருக்கு அனுப்புவேன். அவர் பொறுமையாகப் பதில் எழுதுவார். நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொல்வேன். கூலியில்லாத அந்த மொழிபெயர்ப்பைத்தான் என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

பெரிய தகராறு "பஞ்சு" என்ற சொல்லில் வந்தது. பஞ்சு வைத்தும் ஏன் உறைந்தது? நான் விளக்கிக்கொண்டே இருந்தேன், அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவரே ஒரு நாள் கூப்பிட்டார்.

"பஞ்சுன்னு சொல்லாத. போர்வன்னு சொல்லு. போர்வ சூடு குடுக்காதுலா. ஒடம்புச் சூட்டத்தான் காப்பாத்தும். ஒங்கம்மா ஆஸ்பத்திரில போனப்பறம் போர்வ போத்திவிட்டேன். சூடு வந்துச்சா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தொடர்ந்து பேசினார். பைப்புக்குள் நிற்கிற தண்ணிக்குச் சொந்தச் சூடு இல்லை. அறையிலிருந்துதான் அதற்குச் சூடு வர வேண்டும். போர்வையைப் பைப்புக்கும் அறைக்கும் நடுவில் போட்டால், இருக்கிற சூட்டையும் மறைத்துவிடுகிறோம். போர்வை முதுகுப் பக்கம், அறை முகத்துப் பக்கம். அதற்கு ஒரே வழி, பைப்பு வீட்டுக்குள்ளே இருப்பதுதான்.

அந்த ஒரு மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது நிறைய. குளியலறையும் அடுப்படியும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக இருந்தால் குழாய் ஓட்டம் குறையும். மேல்மாடிக் குளியலறைக்கு நேர் கீழே வைத்தால் கழிவுக் குழாயும் காற்றுக் குழாயும் ஒரே வழியில் போகும். அந்தக் காற்றுக் குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் தடிமனாக இருக்க வேண்டும். உள்ளிருந்து வரும் ஈர ஆவியே வாயில் பனியாகப் பிடித்து அடைத்துவிடும். குழாய் எல்லாம் நிலவறையை நோக்கிச் சரிந்து இருந்தால், ஊருக்குப் போகும்போது ஒரே வால்வை மூடிக் காலி செய்துவிடலாம். வீட்டுக்கு வெளியே இருக்கும் பைப்புக்குக்கூட அங்கே நீளமான தண்டு. கைப்பிடி வெளியே, தண்ணீரை அடைக்கும் வால்வு சுவருக்கு உள்ளே, சூட்டுக்குள். இதைக் கேட்டு அப்பா ரசித்தார். "மூளக்காரன்."

ஆனால் வரைபடம் வரவில்லை. எல்லாக் கேள்வியும் முடிந்தும் இரண்டு வாரம் சும்மா இருந்தார். எனக்குக் காரணம் தெரியும், கேட்கவில்லை. உள்சுவர் என்றால் அடுப்படிச் சுவர். அடுப்படிச் சுவர் என்றால் மறுபக்கம் சாமித் தட்டு, அம்மா படம். சாமிக்கு முதுகுப் பக்கத்தில் கழிவுக் குழாய் ஓடும்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை தைப்பிங்கில் இருந்தேன். அப்பா கோப்பியைக் குடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"சாமிய வடக்குச் செவுத்துக்கு மாத்தச் சொல்லு. குளுர்ல சாமிக்கு ஒன்னும் ஆவாது. தண்ணிக்குத்தான் ஆவும்."

இரண்டாவது வரைபடத்தில் அதுவும் இருக்கிறது. அடுப்படிச் சுவரில் தொட்டி, ஷவர், குழாய் ஏறும் இடம். சன்னல் இல்லை, காற்றை வெளியேற்ற ஒரு விசிறி. வடக்குச் சுவரில் குழாய் எதுவும் இல்லை. அங்கே சின்னதாக ஒரு விளக்கு மட்டும் வரைந்திருக்கிறார். அதோடு அக்காவுக்கு 20,000 வெள்ளி அனுப்பினார். வேண்டாம் என்றாள். "பிளான் போட்டவன் குடுக்கறேன்" என்றார். நானும் கொடுத்தேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை.

2019 டிசம்பரில் அப்பாவை நானே வினிபெக்குக்கு அழைத்துப் போனேன். காலணியைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கினார், முழங்கால் வலியோடு. குழாய் ஓட்டத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். வெளியே மைனஸ் 20. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "நாத்தம் இல்ல" என்றார். அவரிடமிருந்து அதுதான் பாராட்டு.

மறுநாள் விடியற்காலையில் அவர் என்னை எழுப்பினார். வடக்குச் சுவரில் சாமித் தட்டுக்கு முன்னால் கூட்டிப்போனார். முந்தின ராத்திரி அவர் ஊரிலிருந்து கொண்டுவந்து ஊற்றிய தேங்காயெண்ணெய் விளக்கில் வெள்ளையாக உறைந்திருந்தது. 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். தைப்பிங்கில் அது அதிகம் நடக்காது என்பதால் நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"சாமிக்கு ஒன்னும் ஆவாதுன்னு சொன்னேன். பாத்தியா, வெளக்கு ஒறஞ்சிருச்சு" என்று சிரித்தார். அக்கா நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பா அங்கே ஒன்பது வாரம்தான் இருந்தார். பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பினார். அடுத்த மாதம் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு அவர் போகவும் இல்லை, போக விரும்பவும் இல்லை. குளியலறையை அக்கா வீட்டில் இன்னமும் தாத்தா பாத்ரூம் என்றுதான் சொல்கிறார்கள்.

2021 பிப்ரவரியில் டெக்சஸில் கடுங்குளிர் வந்து, பரணிலும் வெளிச்சுவரிலும் குழாய் ஓடிய வீடுகளில் தண்ணீர் கொட்டியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அப்பா உடனே கூப்பிட்டார். "நம்ப ஊரு மாரியே கட்டிருக்கானுங்கடா. பாவம்" என்றார். அவர்கள் மடையர்கள் என்று சொல்லவில்லை. வெயிலை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றார்.

நான் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். வீட்டுச் சாதனக் கையேடுகளில் அந்தச் சொல் அடிக்கடி வரும். அகராதியில் அதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன; அவற்றைத்தான் போடுகிறேன். போடுவதற்கு முன்னால் போர்வை யாருடைய முதுகில் கிடக்கிறது, சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒரு தடவை படம் வரைந்து பார்த்துக்கொள்கிறேன். கட்டம் போட்ட நோட்டில், பென்சிலால்.